ரெரா சட்டம் யாரோடது? அந்த 70 பர்சன்ட் எப்படி வந்துச்சுன்னு பாத்தா தெரியும்

வீடு கட்டி விக்கிற பில்டர்களக் கட்டுப்படுத்த 2016ல வந்த ரெரா சட்டத்த கொண்டு வந்தது காங்கிரஸா இல்ல பிஜேபில வெங்கையா நாயுடுவா, இதுக்காக வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்ல சண்டையே வந்துருச்சு, ஒரு மந்திரி பார்லிமென்ட்ல உக்காந்து ஒரு சட்டத்துக்கு நெஜமாவே என்னதான் வேல பாக்குறாருன்னு கேட்டிருந்தீங்க. சுருக்கமா சொன்னா ரெண்டு பக்கமும் உரிமை கொண்டாடலாம், ரெண்டு பக்கமும் பாதி கதையத்தான் சொல்லுது. மீதிய சொல்லணும்னா கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

எனக்கு ஏன் இதுல இவ்வளவு ஆர்வம்னா நானும் ஒரு பிளாட்டு புக் பண்ணி மாட்டுனவன். 2012ல சென்னைக்குத் தெக்கால ஒரு எடத்துல புக் பண்ணேன், பில்டர் பேரு வேணாம், ரெண்டு வருஷத்துல சாவி தரேன்னு சொன்னவங்க அஞ்சாவது வருஷம்தான் கையில குடுத்தாங்க, அதுவரைக்கும் ஒரு பக்கம் வாடகை ஒரு பக்கம் இஎம்ஐ. கையில வாங்கி டேப் வச்சு அளந்து பாத்தா 1,180 சதுர அடின்னு காசு கட்டுன வீட்டுக்குள்ள 840 தான் இருக்கு, மிச்சம் எங்க சார்னு கேட்டா படிக்கட்டு லிப்ட்டு லாபின்னு கை காட்டுறாங்க. சாவிக்காகக் காத்திருந்த அந்த வருஷங்கள்லதான் ரெரா மசோதா டெல்லில எந்த கமிட்டில இருக்குன்னு தெனம் தேடிப் படிக்கிற கிறுக்கு புடிச்சது, அதோட பலன்தான் இந்தப் பதில்.

முதல்ல ஒரு அடிப்படை சிக்கல். நிலம் மாநிலப் பட்டியல்ல இருக்கு. வீடு கட்ட அனுமதி தர்றது சிஎம்டிஏ, டிடிசிபி, கார்ப்பரேஷன், பஞ்சாயத்து, எல்லாமே மாநிலத்துக்கு உட்பட்டது. அப்ப டெல்லில ஒக்காந்து ஒரு மந்திரி எப்படி பில்டர கட்டுப்படுத்த சட்டம் போட முடியும்? இதுக்கு அவங்க புடிச்ச வழி என்னன்னா, நாங்க நிலத்தப் பத்தி பேசல, பில்டருக்கும் வாங்குறவருக்கும் நடுவுல இருக்குற ஒப்பந்தத்தப் பத்தியும் சொத்து கைமாறுறதப் பத்தியும்தான் பேசறோம், அது ரெண்டும் மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியல்ல இருக்குன்னு சொல்லி அந்தக் கதவு வழியா உள்ள வந்தாங்க. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா சட்டத்தோட உயிரே அதுலதான் இருக்கு, கடைசில இத சொல்லித்தான் சுப்ரீம் கோர்ட்டும் அதக் காப்பாத்துச்சு, அதுக்கு அப்பறம் வரேன்.

வேலை ஆரம்பிச்சது காங்கிரஸ் ஆட்சில, அதுல சந்தேகமே வேணாம். குமாரி செல்ஜா வீட்டு வசதி மந்திரியா இருந்தப்பவே வரைவு சுத்தி வந்துச்சு. அப்பறம் 2012 அக்டோபர்ல அஜய் மாக்கன் வந்தார், 2013 ஜூன் ஆரம்பத்துல மந்திரிசபை ஒப்புதல் வாங்குனது அவர்தான், வாங்குன ரெண்டே வாரத்துல கட்சி வேலைக்கு ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார். அவருக்கு அடுத்து வந்த கிரிஜா வியாஸ் 2013 ஆகஸ்ட் 14 அன்னிக்கு மசோதாவ ராஜ்யசபால தாக்கல் பண்ணாங்க. அது அங்கேருந்து நகர வளர்ச்சிக்கான நிலைக்குழுவுக்கு, அதாவது அந்தத் துறை மசோதாக்கள அலசற எம்பிங்க குழுவுக்குப் போச்சு, தலைவர் சரத் யாதவ், 2014 பிப்ரவரில அறிக்கை வந்துருச்சு. அதுக்குள்ள எலெக்ஷன்.

இந்த எடத்துலதான் நெறைய பேரு கவனிக்காம விடுற ஒரு சங்கதி இருக்கு. மசோதாவ லோக்சபால தாக்கல் பண்ணியிருந்தா 2014ல சபை கலைஞ்சதும் அதுவும் செத்திருக்கும், புது அரசு முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கணும். ராஜ்யசபா கலையாது, அதனால அங்க நிலுவைல இருக்குற, லோக்சபா பக்கமே போகாத மசோதா அப்படியே உயிரோட இருக்கும். ராஜ்யசபால தாக்கல் ஆனா மட்டும் போதும்னும் நெனச்சுறாதீங்க, மகளிர் இட ஒதுக்கீடு மசோதா 2010ல ராஜ்யசபால பாஸே ஆயிருச்சு, ஆனா லோக்சபால கெடப்புல இருந்ததால 2014ல காலாவதி ஆச்சு. ரெரா பாஸ் ஆகாம இருந்ததாலயே பொழச்சது, வேடிக்கைதான். ஆக வெங்கையா நாயுடு 2014 மே மாசம் மந்திரி ஆனப்போ அவர் மேசைல வெள்ளத்தாள் இல்ல, காங்கிரஸ் எழுதுன மசோதா, அது மேல நிலைக்குழு எழுதுன குறிப்பு, ரெண்டும் ரெடியா இருந்துச்சு. அவர் கையில நகர வளர்ச்சி, வீட்டு வசதி, பாராளுமன்ற விவகாரம்னு மூணு துறை. மூணாவதுதான் இங்க முக்கியம்னு நான் சொல்லுவேன், எந்த மசோதாவ எந்த வாரம் எடுக்கறது, எதிர்க்கட்சிக்காரங்கள யாரு போய் பேசி சம்மதிக்க வைக்கறதுங்கறதெல்லாம் அந்தத் துறை வேலை, ஒரே ஆள் ரெண்டு சீட்லயும் இருந்தது ரெராவுக்கு அடிச்ச அதிர்ஷ்டம்.

இப்ப அந்த 70 கதைக்கு வருவோம். 2013 மசோதால என்ன எழுதியிருந்துச்சுன்னா, வாங்குறவங்க கிட்டேருந்து வர்ற பணத்துல 70 பர்சன்ட்ட தனி பேங்க் அக்கவுன்ட்ல போடணும், இல்லன்னா மாநில அரசு அதுக்குக் கம்மியா ஒரு அளவு சொன்னா அந்த அளவு போடணும். அந்த "கம்மியா" ங்கற ஒத்தச் சொல்லப் பாருங்க, எந்த மாநிலமும் பில்டர் சங்கம் வந்து கதவத் தட்டுனா முப்பதாக்கிட்டுப் போயிரலாம், அப்படி ஒரு ஓட்டைய வச்சு எழுதுனது காங்கிரஸ் அரசு. சரி அடுத்த அரசு ஓட்டைய அடைச்சுதான்னா, 2015 ஏப்ரல்ல மந்திரிசபை ஒப்புக்கிட்ட திருத்தத்துல அது நேரடியா 50 ஆச்சு. ஆனா அதே திருத்தத்துல நல்ல விஷயமும் வந்துச்சு, அதையும் சொல்லணும்ல, பழைய மசோதா குடியிருப்புக்கு மட்டும்தான், கடை ஆபீஸ் மாதிரி கமர்ஷியலையும் உள்ள கொண்டு வந்தது 2015ல. ஏற்கனவே ஆரம்பிச்சு முடிக்காம கெடக்குற ப்ராஜெக்டும் பதிவு பண்ணணும்னு ஆனதும் அப்பத்தான், அது இல்லன்னா என்ன மாதிரி ஏற்கனவே மாட்டுனவனுக்கு இந்தச் சட்டத்தால ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது.

50 ஆனதும் சத்தம் கெளம்புச்சு. 2015 மே ஆரம்பத்துல ராகுல் காந்தி வீடு வாங்கி ஏமாந்தவங்களக் கூப்பிட்டுப் பேசுனார், இது பில்டருக்கான சட்டமா மாறிருச்சுன்னு சொன்னார். தன் கட்சி எழுதுன ஓட்டைய அவர் பேசலங்கறது வேற விஷயம், அரசியல்ல அதெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. ராஜ்யசபால அன்னிக்கு அரசுக்கு மெஜாரிட்டி கெடையாது, எதிர்க்கட்சி ஒத்துக்கலன்னா எந்தச் சட்டமும் நகராது, அதனால மே 6ம் தேதி மசோதா 21 பேர் கொண்ட தேர்வுக் குழுவுக்கு, அதாவது இந்த ஒரு மசோதாவ அலசறதுக்குன்னே போட்ட எம்பிங்க குழுவுக்குப் போச்சு. தலைவர் அனில் மாதவ் தவே, மத்தியப் பிரதேசத்துக்காரர், பிஜேபி எம்பி, நர்மதை ஆத்துக்காக வேல செஞ்சவர்னுதான் அவரத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வீட்டு விஷயத்துல அவர் பேரு யாருக்கும் ஞாபகம் வராது.

என்னக் கேட்டா ஒரு எம்பியோட நெஜமான வேல இங்கதான் நடக்குது. கேமரா கெடையாது, மேஜையத் தட்டுறது கெடையாது, வெளிநடப்பு கெடையாது. ஒவ்வொரு பிரிவா எடுத்து, இதுல "மே" னு இருக்கா "ஷல்" னு இருக்கா, "செய்யலாம்" ஆ "செய்யணும்" ஆ, கார்ப்பெட் ஏரியான்னா (வீட்டுக்குள்ள நெஜமா புழங்குற எடம்) எந்தச் சுவர் கணக்குல வரும் எது வராது, இப்படிப் பேசிட்டு இருப்பாங்க. ஒரு பக்கம் பில்டர் சங்கங்க வந்து அனுமதி தர அரசு ஆபீஸ்லயே வருஷக்கணக்கா இழுக்குறாங்க, அவங்களையும் சட்டத்துக்குள்ள கொண்டு வாங்கன்னு சொல்லும் (சொன்னதுல ஞாயம் இருந்துச்சு, அதையும் அப்பறம் சொல்றேன்), இன்னொரு பக்கம் பணம் கட்டி ஏமாந்தவங்க பைல தூக்கிட்டு வருவாங்க. தவே குழு ஜூலை 30ம் தேதி அறிக்கை குடுத்துச்சு. அதுக்கப்பறம் டிசம்பர்ல மந்திரிசபை திரும்ப ஒப்புதல் குடுத்தப்போ தொகை 70க்கு வந்துருச்சு, "கம்மியா" ங்கற சொல்லும் காணாமப் போச்சு. சட்டம் பொருந்துற அளவும் எறங்குச்சு, 2013 மசோதால 1,000 சதுர மீட்டர் இல்லன்னா 12 பிளாட்டுக்கு மேல இருந்தாத்தான் பதிவுன்னு இருந்தது 500 சதுர மீட்டர், 8 பிளாட்டுன்னு ஆச்சு. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு எட்டு பத்து வீடு கட்டி விக்கிற சின்ன பில்டர்தான் அதிகம், அதனால இந்த மாற்றம் சென்னை மாதிரி ஊருக்கு ரொம்பப் பெருசு.

70க்கும் 50க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணலாம். ஒரு வீடு 40 லட்சம், மொத்தம் 100 வீடுன்னு வச்சுக்குங்க, 40 கோடி வருது. 50 பர்சன்ட்னா 20 கோடி அக்கவுன்ட்ல நிக்கும், 70ன்னா 28 கோடி. நடுவுல இருக்குற அந்த 8 கோடிதான் பில்டரு தூக்கிட்டுப் போய் அடுத்த ஊர்ல நிலம் வாங்குற காசு, அந்த நிலத்துல வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ப்ரீ-லாஞ்ச்னு புக்கிங் போட்டு வர்ற காச வச்சு மூணாவது எடம். என் வீடு அஞ்சு வருஷம் ஆனதுக்குக் காரணமே இதுதான், என் காசு என் வீட்டுல இல்ல, வேற எங்கயோ வேலியாவும் ஆர்ச்சாவும் நின்னுச்சு. இப்ப அந்த அக்கவுன்ட்லேருந்து எடுக்கணும்னா எவ்வளவு கட்டியிருக்கோ அந்த விகிதத்துக்குத்தான் எடுக்க முடியும், அதுக்கு ஒரு இன்ஜினியர், ஒரு ஆர்க்கிடெக்ட், ஒரு ஆடிட்டர் மூணு பேரும் கையெழுத்துப் போடணும், வருஷம் முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள தணிக்கையும் பண்ணணும். பில்டருக்கு ஒரு ஆறுதலும் சட்டத்துலயே இருக்கு, கட்டுமானச் செலவு மட்டுமில்லாம நிலத்தோட விலைக்கும் அதுலேருந்து எடுக்கலாம். நிலம் விலை அதிகமா இருக்குற ஊர்ல இது சின்ன ஆறுதல் கெடையாது.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிடறேன். அக்ரிமென்ட் போட்டுப் பதிவு பண்ணாம 10 பர்சன்ட்டுக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. பிளான மாத்தணும்னா வாங்குனவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேரு எழுதிக் குடுக்கணும். கட்டடத்துல பழுது வந்தா சாவி குடுத்து 5 வருஷம் வரைக்கும் பில்டர் செலவுலயே சரி பண்ணணும். லேட்டானா பணத்த வட்டியோட திருப்பி வாங்கிட்டு வெளிய போலாம், இல்ல வீடுதான் வேணும்னா லேட்டான ஒவ்வொரு மாசத்துக்கும் வட்டி. முன்னாடி அக்ரிமென்ட்ல நாம தவணை லேட்டா கட்டுனா 18 பர்சன்ட் 24 பர்சன்ட்னு போட்டுட்டு அவங்க லேட் பண்ணா சதுர அடிக்கு மாசம் அஞ்சு ரூபான்னு எழுதுவாங்களே, அது ஒழிஞ்சது, இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வட்டி. கார்ப்பெட் ஏரியா விஷயம் எனக்கு மனசுக்கு நெருக்கம்: வீட்டுக்குள்ள இருக்குற தடுப்புச் சுவர் கணக்குல உண்டு, வெளிச்சுவர் கெடையாது, பால்கனி கெடையாது, மொட்டைமாடி கெடையாது, லிப்ட் லாபி அறவே கெடையாது. 840க்குக் காசு கட்டுனா 840 இருக்கணும்.

2016 மார்ச் 10 ராஜ்யசபா, மார்ச் 15 லோக்சபா, 25ம் தேதி ஜனாதிபதி ஒப்புதல். மே 1 அன்னிக்கு பாதி சட்டம் அமலுக்கு வந்துச்சு, மாநிலங்க விதி எழுதி ஆணையம் அமைக்க ஒரு வருஷம் டைம் குடுத்து மிச்சப் பாதி 2017 மே 1. தமிழ்நாடு அந்த மே மாசமும் தாண்டி ஜூன்லதான் விதிகளயே வெளியிட்டுச்சு. மௌலிவாக்கத்துல 2014ல 11 மாடிக் கட்டடம் இடிஞ்சு 61 பேரு செத்த ஊரு நம்ம ஊரு, முதல்ல எழுதியிருக்க வேண்டியது நாமதான், சரி விடுங்க. நம்ம தமிழ்நாட்டு ஆணையம், அதாவது டிஎன் ரெராதான் அந்தமான் நிக்கோபாருக்கும் பாக்குதுங்கறது நெறைய பேருக்குத் தெரியாத தகவல்.

தேர்வுக் குழுத் தலைவர் தவே 2016 ஜூலைல சுற்றுச்சூழல் மந்திரி ஆனார், 2017 மே 18 அன்னிக்கு எறந்துட்டார், சட்டம் முழுசா அமலுக்கு வந்து பதினேழு நாள் ஆகியிருந்துச்சு. வெங்கையா அதே வருஷம் ஆகஸ்ட்ல துணை ஜனாதிபதியா போய் அதே ராஜ்யசபாவோட தலைவர் நாற்காலில உக்காந்தார்.

இந்த வரிசைல காங்கிரஸ்காரங்க மறக்காம சொல்லவேண்டிய இன்னொண்ணு மஹாராஷ்டிரா. அங்க காங்கிரஸ் கூட்டணி ஆட்சி 2012லயே தனியா ஒரு வீட்டு வசதி ஒழுங்குமுறைச் சட்டம் போட்டுருச்சு, ரெராவோட 92வது பிரிவுதான் அத ரத்து பண்ணுச்சு. ஒரு மத்தியச் சட்டம் தன் கடைசிப் பிரிவுல ஒரு மாநிலச் சட்டத்த பேரச் சொல்லி அடிச்சிருக்குன்னா முன்னோடி யாருன்னு அதுலயே தெரிஞ்சுக்கலாம். இதுக்கு நேர் எதிரா மேற்கு வங்காளம், ரெராவ அமல்படுத்தாம 2017ல தனியா ஒரு சட்டம் எழுதுச்சு, முக்கால்வாசி ரெராவோட வரிகளேதான், ஆனா பில்டருக்கு வசதியா அங்கங்க மாத்துனது. 2021 மே 4 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிருச்சு, முதல்ல சொன்னேன்ல பொதுப்பட்டியல் கதவு, அதுதான் காரணம், பார்லிமென்ட் சட்டம் இருக்குற விஷயத்துல ஜனாதிபதி ஒப்புதல் இல்லாம மாநிலம் அதே சட்டத்த மாத்தி எழுத முடியாது.

அப்பறம் பார்லிமென்ட் தன் வேலையத் தானே கெடுத்துக்கிட்ட கதையும் ஒண்ணு. ரெரா பாஸ் ஆன அதே 2016ல மே மாசம் திவால் சட்டமும் பாஸ் ஆச்சு. அதுல நிதிக் கடன்காரர்னு பேங்க்குக்கு எடம் இருந்துச்சு, வீடு வாங்க காசு கட்டுனவருக்கு இல்ல. டெல்லி பக்கம் நொய்டால பெரிய பில்டர் கம்பெனி ஒண்ணு 2017ல திவால் நடவடிக்கைக்குப் போனப்போதான் ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு வரிசைல எடமே இல்லன்னு தெரிஞ்சது, 2018 ஜூன்ல அவசரச் சட்டம் போட்டு வீடு வாங்குனவரையும் நிதிக் கடன்காரர்னு சேத்தாங்க. ரெண்டு மசோதாவும் ஒரே வருஷம் ஒரே கட்டடத்துல பேசப்பட்டது, ரெண்டையும் பக்கத்துல வச்சு யாரும் படிக்கல போல.

குறைன்னு பாத்தா எனக்கு ரெண்டு பெருசு. ஒண்ணு, பில்டர் சங்கம் கமிட்டில சொன்ன அந்த ஞாயமான பாயின்ட். அனுமதி தர்ற அரசு ஆபீஸுக்கு இந்தச் சட்டத்துல கெடு எதுவும் கெடையாது, ஒற்றைச் சாளர முறை கொண்டு வாங்கன்னு ஆணையம் அரசுக்கு சிபாரிசு பண்ணலாம், அவ்வளவுதான். கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டுக்கு பைல் நின்னா அந்த லேட்டுக்கும் வட்டி பில்டர் தலைல, கடைசில விலையா நம்ம தலைல. ரெண்டு, வசூல். ஆணையம் பணத்தத் திருப்பிக் குடுன்னு உத்தரவு போடும், பில்டர் குடுக்கல, அப்ப அத வருவாய் பாக்கி மாதிரி வசூல் பண்ண கலெக்டருக்கு அனுப்பணும். கலெக்டர் ஆபீஸ்ல வெள்ள நிவாரணம், எலெக்ஷன், பட்டா இதுக்கெல்லாம் நடுவுல நம்ம பைல் எத்தனாவதா இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. உத்தரவு கையில வச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் அலையற ஆள எனக்கே தெரியும். ஆணையத்துக்கே நேரடியா ஜப்தி பண்ற ஆள்பலம் குடுத்திருந்தா கதையே வேற. ஒரு நல்லது, பில்டர் அப்பீல் போகணும்னா நமக்குத் தரவேண்டிய மொத்தப் பணத்தையும் தீர்ப்பாயத்துல கட்டிட்டுத்தான் போகணும், 2021 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அது சரின்னு சொல்லிருச்சு, சும்மா இழுத்தடிக்கறதுக்காக அப்பீல் போறது அதனால கொறஞ்சது.

ஆக குரூப்ல என்ன போடலாம்னா, எழுதுனது காங்கிரஸ் அரசு, பாஸ் பண்ணது பிஜேபி அரசு, பல்லு வச்சது ராஜ்யசபால அரசுக்கு மெஜாரிட்டி இல்லாத அந்த ஒரு வருஷம். வெங்கையா பேர முன்னாடி போட்டா நான் சண்டைக்கு வரமாட்டேன், ஏன்னா குழுவுக்குப் போயிட்டு வந்தத மூடி வைக்காம, தன் மந்திரிசபை போட்ட 50ஐ தானே 70 ஆக்கிட்டு சபைல நின்னு பேசணும், அது ஒரு மந்திரிக்கு அவ்வளவு சொகமான வேல இல்ல. ஆனா அவர் மட்டும்னு சொன்னா அது தப்பு. இதே 2015 ஜூன்ல ஸ்மார்ட் சிட்டி, அம்ருத், பிரதமர் வீட்டு வசதித் திட்டம் மூணும் ஒரே நாள்ல ஆரம்பிச்சு வச்சாங்க, அதுக்கெல்லாம் பேனர் நெறைய பாத்திருப்பீங்க, அது மந்திரிசபை முடிவு, பணம் ஒதுக்குற வேல, பார்லிமென்ட் வேலைல அது சேராது. உங்க எம்பி வீட்டு விஷயத்துல என்ன பண்ணாருன்னு பாக்கணும்னா எந்த நிலைக்குழுல இருக்கார், கூட்டத்துக்குப் போனாரா, என்ன கேள்வி கேட்டார், அறிக்கைல மறுப்புக் குறிப்பு எழுதுனாரான்னு பாருங்க, எல்லாம் ராஜ்யசபா லோக்சபா சைட்லயே கெடைக்கும், ஆங்கிலத்துலயும் ஹிந்தியிலயும் இருக்கும், அதான் கொஞ்சம் கஷ்டம்.

கடைசில நீங்க கேட்டிருந்த உங்க மச்சான் பிளாட்டு விஷயம். விளம்பரத்துல டிஎன்னு ஆரம்பிச்சு வருஷத்துல முடியற பதிவு நம்பர் இருக்கான்னு முதல்ல பாருங்க, அத டிஎன் ரெரா சைட்ல போட்டா எந்த மாசம் முடிப்பேன்னு பில்டர் எழுதிக் குடுத்த தேதி வரும், மூணு மாசத்துக்கு ஒரு தடவ போட வேண்டிய நெலவர அறிக்கையும் இருக்கணும். சேல்ஸ்ல இருக்குற பையன் வாயால சொல்ற தேதிக்கும் அங்க எழுதியிருக்குற தேதிக்கும் எத்தன மாசம் வித்தியாசம்னு பாத்துட்டு அப்பறம் டோக்கன் அட்வான்ஸ் குடுக்கச் சொல்லுங்க.